கால்நடை மருத்துவமனைக்குப் பதிவு மென்பொருள்: கவுன்ட்டரில் ஓடவிடும் முன் எப்படிச் சோதிப்பது

புதிய மென்பொருள் வந்து ஒன்பதாவது நாள். உள்ளே டாக்டர் சிரிஞ்சைக் கையில் எடுத்துவிட்டார். மேசைமேல் மூன்று கிலோ பொமரேனியன், பெயர் மணி. திரையில் 'மணி, 32 கிலோ' என்று இருந்தது. அவர் நாயைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிரிஞ்சைக் கீழே வைத்தார். கவுன்ட்டரில் இருந்து நான் திறந்து அனுப்பியது வேறொரு மணியின் பதிவு. அது ஒரு லாப்ரடார். இரண்டு நாய்க்கும் உரிமையாளர் பெயர் செந்தில். தேடல் பட்டியலில் இனிஷியல் வராததால் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

மூன்று நாள் டெமோ பார்த்துத்தான் அதை வாங்கியிருந்தோம். டெமோவில் ஒரு குறையும் தெரியவில்லை. காட்ட வந்தவர் பெயர், இனம், பிறந்த தேதி என்று எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்துக் காட்டினார். நம் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் அப்படி வருவதில்லை. "அண்ணே, நம்ம மணிக்கு ரெண்டு நாளா கழிச்சலாப் போகுது, சீக்கிரம் சீட்டுப் போடுங்க" என்றுதான் வருகிறார்கள். அந்த அவசரத்தில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை நாங்கள் வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்கே நிறுத்திவிட்டுப் பழைய நோட்டுக்குத் திரும்பினோம். பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து நாங்களே சோதித்தோம். அதில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். சிறு கிளினிக் நடத்தும் டாக்டர், கவுன்ட்டரில் உட்காருகிறவர், இப்படி ஒரு மென்பொருளைச் சோதிக்கும் வேலை புதிதாகக் கிடைத்தவர், மூவருக்கும் பயன்படும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

1. ஆளும் நாளும் பணமும்

சோதிக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் தினமும் கவுன்ட்டரில் உட்காருகிறவர். இன்னொருவர் டாக்டர். மூன்றாவது ஆள் அந்த மென்பொருளை இதுவரை கண்ணால் பார்க்காதவராக இருக்கட்டும். எங்களுக்கு மருந்தகத்தில் வேலை பார்க்கும் தங்கச்சி கிடைத்தாள். நாங்கள் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்ட பிழைகளில் பாதியை அவள்தான் பிடித்தாள்.

காலம் மூன்று வாரம். முதல் வாரம் காகிதங்களைச் சேர்க்க, இரண்டாவது வாரம் சோதிக்க, மூன்றாவது வாரம் திருத்தி வந்ததை மறுபடி சோதிக்க. தினமும் ஓபி குறைந்த மதிய நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டித் தடுப்பூசி முகாம் நடத்துகிறீர்கள் என்றால் அந்த வாரங்களில் இதைத் தொடங்காதீர்கள். யாருக்கும் உட்கார நேரம் இருக்காது.

பணத்தில் ஒரே விதி. முழுத் தொகையையும் முன்னால் கொடுக்காதீர்கள். 'சோதனை முடிந்து எழுத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகே மீதித் தொகை' என்ற வரியைக் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம். அப்புறம் கொட்டேஷனில் கண்ணுக்குப் படாத செலவுகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: உரிமம் ஒரு கணினிக்கா, ஒரு கிளைக்கா? ஆண்டுப் பராமரிப்பு எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து? பழைய தரவை ஏற்றத் தனிக் கட்டணமா? திரையில் விவரம் அடிக்கும் கட்டம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னால் எவ்வளவு? நாளைக்கு இதை விட்டுப் போனால் நம் தரவை எக்செல்லில் தர காசு கேட்பார்களா? சொல்லும் எல்லா விலைக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். அதையும் கூட்டிப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

2. கையில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சோதனையே இவற்றை வைத்துத்தான்.

- கடைசி இரண்டு வார ஓபி நோட்டின் நகல். கூட்டம் அதிகமான ஒரு நாளும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதில் இருக்கட்டும்.
- இப்போது கொடுக்கும் ஓபி சீட்டு, தடுப்பூசி அட்டை, தடுப்பூசிச் சான்றிதழ், பில், அறுவைச் சிகிச்சை ஒப்புதல் படிவம். ஒவ்வொன்றிலும் எழுதாத ஒன்று, எழுதி முடித்த ஒன்று.
- உங்களிடம் வரும் விலங்கு வகை, இனங்களின் பட்டியல். புத்தகத்தில் இருந்து எடுக்காமல் நோட்டில் இருந்து எடுங்கள்.
- யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்ற பட்டியல். கவுன்ட்டர், டாக்டர், மருந்தகம், கணக்கு என்று நான்கு வரி போதும்.

நோட்டு நகலில் இருந்து நாற்பது வரிகளைத் தேர்ந்தெடுத்தோம். நேராகப் போன வரிகளை விட்டுவிட்டோம். அடித்துத் திருத்திய வரி, ஓரத்தில் கிறுக்கிய வரி, 'பெயர் இல்லை' என்று எழுதிய வரி, இவைதான் எங்களுக்குச் சோதனைத் தாள்.

3. தனிச் சோதனைத் தளம்

நிஜமாக ஓடப்போகும் தளத்தில் சோதிக்காதீர்கள். அதே பதிப்பைத் தனியாக ஒரு தளத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் ஆட்களின் பெயரும் கைபேசி எண்ணும் கற்பனையாக இருக்கட்டும். நோட்டில் இருந்து எடுத்த வரிகளிலும் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், சிக்கலை மட்டும் அப்படியே வையுங்கள். 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், நம்மை நம்பி எண் கொடுத்தவர்களுக்குச் சோதனைக் குறுஞ்செய்தி போகக் கூடாது. அதனால் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் இரண்டும் உங்கள் மூன்று பேர் எண்ணுக்கு மட்டும் போகும்படி கட்டச் சொல்லுங்கள்.

பழகிப் பார்க்க மட்டும் ஏதாவது வேண்டும் என்றால் ஓபன்விபிஎம்எஸ் என்று திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. கால்நடை மருத்துவமனைகளுக்கென்றே எழுதியது. நிறுவக் கொஞ்சம் கணினி தெரிந்தவர் வேண்டும். ஆனால் உரிமையாளர், விலங்கு, வருகை மூன்றையும் எப்படிப் பிரித்து வைக்கிறார்கள் என்று அதில் பார்த்துவிட்டால், மற்றவர்களிடம் என்ன கேட்பது என்று தெளிவாகிவிடும்.

4. பெயரில் இருந்து தொடங்குங்கள்

எங்கள் தப்பு நடந்த இடம் இதுதான். அதனால் இதற்கு இரண்டு முழு நாள் கொடுத்தோம்.

முதலில் இனிஷியல். வெளிநாட்டுக் கணக்கில் எழுதிய மென்பொருள்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும். 'செ. முருகன்' என்று வருகிறவருக்குக் கடைசிப் பெயர் என்ன போடுவது? ஒருவர் 'செ' என்று போடுவார், இன்னொருவர் புள்ளி வைப்பார், மூன்றாமவர் அப்பா பெயரை எழுதுவார். அடுத்த முறை தேடினால் மூன்று முருகன். கடைசிப் பெயரைக் காலியாக விட்டுச் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். தேடல் பட்டியலில் உரிமையாளர் பெயர், இனிஷியல், கைபேசியின் கடைசி நான்கு எண், விலங்கு வகை, இனம் ஐந்தும் ஒரே வரியில் தெரிய வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது தமிழ். 'கௌரி' என்று சரியாக ஒருவர் அடிப்பார். 'கெளரி' என்று ளகரம் போட்டு இன்னொருவர் அடிப்பார். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. 'கவுரி' என்று எழுதுகிறவரும் உண்டு. இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று 'கோமதி'. சில விசைப்பலகைகள் 'கோ'வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகப் பதிகின்றன. சில, கொம்பையும் காலையும் இரண்டு குறியாகப் பதிகின்றன. திரையில் எழுத்து அச்சு அசலாக ஒன்றுதான். தேடினால் கிடைக்காது. கைபேசியில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை 'கோமதி' என்று பதிந்துவிட்டு இரண்டும் தேடலில் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், 'சேமிக்கும் முன் யூனிகோடை ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்' என்று சொல்லுங்கள். எழுதியவர்களுக்குப் புரியும், பெரிய வேலையும் இல்லை.

நீளத்தையும் பாருங்கள். 'மீனாட்சிசுந்தரம்' நமக்கு ஒன்பது எழுத்து. கணினி அதைப் பதினாறு குறியாக எண்ணுகிறது, ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும் தனிக் கணக்கு. பதினைந்து குறிக்குத்தான் இடம் என்று கட்டம் வைத்திருந்தால் கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'மீனாட்சிசுந்தரம' என்று நிற்கும். எங்கள் ஓபி சீட்டில் அப்படித்தான் நின்றது.

5. விலங்கின் விவரம்

வகையைத் தேர்ந்தெடுத்ததும் இனப் பட்டியல் அதற்கேற்ப மாற வேண்டும். மாறிய பிறகு மனம் மாறி 'நாய்' என்பதைப் 'பூனை' ஆக்கிப் பாருங்கள். பழைய இனம் அப்படியே ஒட்டிக்கொண்டு 'பூனை, ராஜபாளையம்' என்று சேமிக்கிறதா? எங்களிடம் சேமித்தது. வகை தப்பாகப் பதிந்தால் ஆபத்து உண்டு. நாய்க்குத் தரும் சில மருந்து பூனைக்கு நஞ்சு. உண்ணிக்கு நாய்மேல் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தே அதற்கு உதாரணம்.

இனப் பட்டியலில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை இருக்கின்றனவா? மாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம்? ஆட்டில் கொடி ஆடு, சேலம் கருப்பு? நூற்றுக்கணக்கில் வெளிநாட்டு இனங்களை வைத்துவிட்டு நம் ஊர் இனத்துக்கு இடமில்லாத பட்டியல்கள் உண்டு. நாட்டு நாய்க்குப் பட்டியலில் 'என்.டி.' (நான்-டிஸ்கிரிப்ட், அதாவது குறிப்பிட்ட இனம் இல்லாதது) என்று ஒன்று இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பெயர் அடிப்பார்கள். பட்டியலில் சேர்க்கும் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். எல்லோருக்கும் என்றால் ஆறு மாதத்தில் 'லாப்', 'லேப்', 'லாப்ரடார்' என்று மூன்று இனம் இருக்கும்.

வயதுக்கு வாருங்கள். "ஆறு மாசம் இருக்குங்க" என்பதுதான் நமக்குக் கிடைக்கும் பதில். பிறந்த தேதியைக் கட்டாயமாகக் கேட்டால் கவுன்ட்டர்காரர் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டுப் போவார். வேறு வழி அவருக்கு இல்லை. தோராய வயது எழுத இடம் வேண்டும். அது நாள் போகப் போகத் தானாகக் கூடவும் வேண்டும். சோதனைத் தளத்தின் தேதியை ஒரு வருடம் கழித்து வரும் தேதியாக மாற்றி வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஆறு மாதம் என்று பதிந்த குட்டி இன்னும் ஆறு மாதமாகவே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பால் கட்டத்தில் ஆண், பெண் தவிர 'தெரியவில்லை' வேண்டும், லவ்பேர்ட்ஸ் கொண்டுவருகிறவருக்கே தெரியாது. கருத்தடை செய்ததா என்பது தனிக் கட்டமாக இருக்கட்டும், அது பிறகு மாறும்.

எடைதான் உயிர். 0.45 என்று போடுங்கள், 450 என்று போடுங்கள், புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுங்கள், காலியாக விடுங்கள், பூஜ்ஜியம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்கிறது என்று எழுதிவையுங்கள். போன முறை 3.2 கிலோ இருந்த நாய்க்கு இன்றைக்கு 32 என்று அடித்தால் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். எடைக்குப் பக்கத்திலேயே அது என்றைக்கு எடுத்த எடை என்ற தேதியும் தெரிய வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய எடையைப் பார்த்து யாரும் மருந்து கணக்கிடக் கூடாது.

உரிமையாளர் இல்லாத விலங்குகள் தனிக் கதை. அடிபட்ட தெருநாய், யாரோ தூக்கிவந்த மயில், தினமும் பதினைந்து நாய்க்குச் சோறு வைக்கும் அம்மா ஒருவர். 'உரிமையாளர்' கட்டத்தைக் காலியாக விட்டு, 'கொண்டுவந்தவர்' என்று தனியாக எழுத முடிய வேண்டும். கொண்டுவந்த பாவத்துக்கு அவரை உரிமையாளராகப் பதிந்தால் பில்லும் நினைவூட்டலும் அவர் தலையில் விழும், அடுத்த முறை அடிபட்ட நாயை அவர் தூக்கிவர மாட்டார். மயில் போன்ற வனவிலங்கு என்றால் வனத்துறைக்குத் தகவல் சொன்ன நேரத்தைக் குறிக்கவும் ஓர் இடம் கேளுங்கள்.

எச்சரிக்கைக் குறிகள் குறைந்தது மூன்று வேண்டும்: கடிக்கும், மருந்து ஒவ்வாது, வெறிநோய்ச் சந்தேகம். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் ஆகாது. அதைப் பதிவிலேயே ஏற்றிவிட்டால் எந்த டாக்டர் பார்த்தாலும் தெரியும். இந்தக் குறி உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில் இருந்தால் பயனில்லை. எல்லாத் திரையிலும் மேலே சிவப்பில் தெரிய வேண்டும், ஓபி சீட்டிலும் அச்சாக வேண்டும். வெறிநோய்ச் சந்தேகம் என்றால் நாயைப் பிடிக்கப் போகும் உதவியாளருக்குச் சீட்டுதான் முதல் தகவல்.

6. சிப் எண், காது டேக் எண்

நாய், பூனைக்குப் பதிக்கும் மைக்ரோசிப் எண் சர்வதேசத் தரப்படி 15 இலக்கம். முதல் மூன்றும் நாட்டின் குறியாகவோ (இந்தியாவுக்கு 356) தயாரிப்பாளர் குறியாகவோ இருக்கும். மாடு, எருமைக்குக் காதில் மாட்டும் மஞ்சள் டேக்கில் 12 இலக்கம். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

14 இலக்கம், 16 இலக்கம், நடுவில் இடைவெளி, ஓர் எழுத்து என்று போட்டுப் பாருங்கள். எச்சரிக்க வேண்டும், ஆனால் முழுதாக மறுக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்து வந்த நாய்களில் 9, 10 இலக்கப் பழைய சிப்புகளும் உண்டு. ஒரே சிப் எண்ணை இரண்டு நாய்க்குப் போட்டால் மட்டும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

சிப் ரீடர் கணினிக்கு விசைப்பலகை மாதிரிதான், கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண்ணைக் கொட்டும். கர்சரை எடைக் கட்டத்தில் வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். எங்களுக்கு அந்த நாயின் எடை பல லட்சம் கோடி கிலோ ஆனது, மென்பொருள் மறுபேச்சில்லாமல் சேமித்தது.

பெரிய பொறி எக்செல். பழைய பட்டியலை ஏற்றும்போது 12 இலக்க எண்ணையும் 15 இலக்க எண்ணையும் எக்செல் சுருக்கி '3.56E+14' என்பது போலக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் சுருக்கியதுதான் கோப்பில் போகும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால் அந்த நெடுவரிசையை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு, அப்புறம் எண்ணை ஒட்டுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முதலில் 200 பதிவு மட்டும் ஏற்றி, எண்ணிக்கை சரியா என்று பார்த்து, கண்ணை மூடி இருபதைத் தேர்ந்து நோட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். இருபதும் சரியாக இருந்தால்தான் மீதி.

7. இரட்டைப் பதிவு, இணைப்பு, கைமாற்றம்

கைபேசி எண்ணையே அடையாளமாக வைத்திருக்கும் மென்பொருள்களிடம் எச்சரிக்கை. ஒரு வாரம் கணவர் வருவார், அடுத்த வாரம் மனைவி வருவார். இருவருக்கும் வேறு எண், ஒரே நாய். இந்த மூன்றையும் செய்து பாருங்கள்: ஒரு விலங்குக்கு இரண்டு எண், ஒரே எண்ணில் ஆறு விலங்கு, எண்ணை மாற்றிய பிறகு பழைய எண்ணைக் கொண்டு தேடுதல்.

எவ்வளவு கவனித்தாலும் இரட்டைப் பதிவு விழும். அதனால் இரண்டை ஒன்றாக்கும் வசதியை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஒரு பதிவில் தடுப்பூசி, இன்னொன்றில் ஒவ்வாமைக் குறி, இரண்டிலும் பாக்கித் தொகை என்று வைத்துவிட்டு இணையுங்கள். மூன்றும் பிழைத்து வர வேண்டும். எங்களுக்கு ஒவ்வாமைக் குறி காணாமல் போனது. இதைச் சரிசெய்யும் வரை தொடங்க மாட்டோம் என்று உறுதியாக நின்றோம். தவறாக இணைத்ததைத் திரும்பப் பிரிக்க முடியுமா, யார் இணைத்தார் என்ற தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாயை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் சிகிச்சை வரலாறு நாயோடு போக வேண்டும், பழைய பில்லும் முகவரியும் பழையவரோடு நிற்க வேண்டும். புதியவர் கேட்கும் பிரின்ட்டில் பழையவர் கைபேசி எண் வருகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

8. தேதி, நினைவூட்டல், இறந்துபோன விலங்கு

தேதியைச் சோதிக்கும்போது 12ஆம் தேதிக்கு மேல் போடாதீர்கள். 25/06 என்று போட்டால் தப்பு உடனே தெரிந்துவிடும். 05/06 என்று போட்டால் ஜூன் 5 மே 6 ஆக மாறி நிற்பது யாருக்கும் தெரியாது. ஜனவரி 31இல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் அடுத்தது என்றால் எந்தத் தேதி காட்டுகிறது? 2028 பிப்ரவரி 29இல் போட்டதற்கு ஓராண்டு கழித்து? கடித்த பிறகு போடும் தொடர் ஊசிக்கு 0, 3, 7, 14, 28 என்று நாள் கணக்கு. முதல் நாளை ஒன்று என்று எண்ணினால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். விரல் விட்டு எண்ணிச் சரிபாருங்கள்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்குச் செலவுக் கணக்கு வேறு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி. 'மணிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டிய நாள் 14-06-2026. அழைத்து வரவும்.' இந்த ஒரு வரியே 78 குறி. இரண்டு செய்தியாகக் காசு போகும், மருத்துவமனைப் பெயரை இன்னும் சேர்க்கவே இல்லை. நிறுவனப் பெயரில் எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவும் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் பெற்ற வாசகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் செய்தி போகாமல் நிற்கலாம். அதனால் முதல் வாரத்திலேயே வாசகத்தை முடிவு செய்து விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி முக்கியமானது. ஒரு வீட்டில் பதிமூன்று வருடம் வளர்ந்த நாய் எங்களிடம்தான் இறந்தது. சில நாள் கழித்து அவர்களுக்கு எங்கள் பெயரில் ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது, 'தடுப்பூசிக்கு அழைத்து வாருங்கள்' என்று. அந்த ஐயா போன் செய்தார். திட்டவில்லை. "தம்பி, அவன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். பதிவில் 'இறந்தது' என்று நான்தான் குறித்திருந்தேன். மென்பொருள் நினைவூட்டலைத் தனிப் பட்டியலில் வைத்திருந்ததால் அங்கே அது போய்ச் சேரவில்லை.

ஒரு சோதனை விலங்குக்கு நாளைய தேதியில் நினைவூட்டல் வையுங்கள். இன்றைக்கு 'இறந்தது' என்று குறியுங்கள். நாளை வரை காத்திருந்து உங்கள் கைபேசியைப் பாருங்கள். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், பிறந்தநாள் வாழ்த்து எதுவும் வரக் கூடாது. அதே வீட்டின் இன்னொரு விலங்குக்கு உரியது மட்டும் வர வேண்டும். தவறிப்போய் இறந்ததாகக் குறித்ததைத் திருத்தினால் நினைவூட்டல் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள்.

9. அச்சும் பில்லும்

திரையில் ஒழுங்காக இருக்கும் தமிழ், சீட்டு அடிக்கும் தெர்மல் பிரின்டரில் கட்டம் கட்டமாக வரும். பெரும்பாலான தெர்மல் பிரின்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. படமாக மாற்றி அனுப்பினால்தான் சரியாக வரும். உங்கள் பிரின்டரிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பிடிஎஃப் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தடுப்பூசிச் சான்றிதழில் உரிமையாளர் முகவரி, இனம், நிறம், பால், சிப் எண், ஊசியின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, போட்ட நாள், அடுத்த நாள், டாக்டரின் பதிவு எண், கையெழுத்து இடம் இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் நாய் உரிமம் எடுக்கப் போகிறவர் இதைத்தான் கொண்டுபோவார். சிப் பதித்த தேதியும் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் கொண்டுபோகும் நாய்க்கு, சிப் பதித்த நாளிலோ அதற்குப் பிறகோ போட்ட வெறிநாய்க்கடி ஊசிதான் செல்லும்.

பில்லில் ஒன்றைக் கவனியுங்கள். விலங்குகளுக்கான சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, கடையில் விற்கும் நாய் உணவுக்கு வரி உண்டு. ஒரே பில்லில் இரண்டையும் போட்டு வரி எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் ஆடிட்டரிடம் அந்தப் பில்லைக் காட்டிவிடுங்கள்.

10. கூட்டமும் கரண்ட் கட்டும்

இதற்கு ஒரு மதியம் போதும். இரண்டு கவுன்ட்டரில் இருவர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி ஒரே நொடியில் சேமியுங்கள். ஒரே டோக்கன் எண் இரண்டு பேருக்கு வருகிறதா? 'சேமி' பொத்தானை இரண்டு மூன்று தடவை தட்டுங்கள், மெதுவான கணினியில் எல்லோரும் அப்படித்தான் தட்டுவார்கள். பாதிப் பதிவில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். திரும்ப மாட்டியதும் அடித்தது இருக்கிறதா, அரைகுறையாகச் சேமித்ததா, ஒன்றுமே இல்லையா? அரைகுறைதான் மூன்றிலும் மோசம்.

பேக்கப் எடுக்கிறோம் என்று சொன்னால், நேற்றைய பேக்கப்பை உங்கள் கண் முன்னால் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

11. பிழையை எழுதும் முறை

"சரியா வரல" என்று போனில் சொன்னால் அவர்கள் பக்கத்தில் எதுவும் நடக்காது. ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: என்ன செய்தோம், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, எந்தக் கணினி, எந்த நேரம், திரைப் படம். ஒரு பிழைக்கு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு தரம் கொடுங்கள்: இது தீராமல் ஓடவிடக் கூடாது, ஒரு மாதத்தில் தீர்ந்தால் போதும், இருந்தாலும் பரவாயில்லை. தப்பான விலங்கைத் திறப்பது, எடை, எச்சரிக்கைக் குறி, இறந்த விலங்குக்குச் செய்தி, தரவு தொலைவது இவை ஐந்தும் எப்போதும் முதல் தரம். இதில் யாருக்காகவும் இறங்கிவராதீர்கள்.

திருத்திவிட்டோம் என்று சொன்ன பிறகு அந்த ஒரு பிழையை மட்டும் பார்த்து விடாதீர்கள். நாற்பது வரியையும் மறுபடி ஓட்டுங்கள். எங்களுக்கு இனிஷியலைச் சரிசெய்த பதிப்பில் எடையின் தேதி காணாமல் போயிருந்தது.

12. ஓடவிடும் நாள்

திங்கட்கிழமை வேண்டாம். செவ்வாய் அல்லது புதன், கூட்டம் குறைந்த நாளாகப் பாருங்கள். மென்பொருள் தந்தவர்களில் ஒருவர் அன்றைக்கு நேரில் இருக்க வேண்டும், இதையும் கொட்டேஷனில் எழுதிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் நோட்டிலும் எழுதுங்கள். வேலை இரட்டிப்பாகும், கவுன்ட்டரில் இருப்பவருக்குக் கூடுதல் ஆளோ கூடுதல் சம்பளமோ கொடுங்கள். இரவு மூடும் முன் நோட்டில் எத்தனை பேர், திரையில் எத்தனை பேர், பில் தொகை எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். பதினைந்து நிமிட வேலை. தொடர்ந்து ஆறு நாள் இரண்டும் ஒத்துப்போனால் நோட்டை நிறுத்தலாம். எங்களுக்கு அந்த ஆறு நாள் வர பதினேழு நாள் ஆனது. பதினெட்டாம் நாள்தான் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு மீதித் தொகையைக் கொடுத்தோம்.